பெட்டிக்குள் ஓர் அடுப்பு: கேள்வி – பதில்

கே: பழைய ஹெச்.பி. பிரீக்வென்சி கவுன்ட்டர் ஒன்றை வாங்கினேன். ஒன்பது இலக்கம் பளிச்சென்று காட்டுகிறது. எத்தனையை நம்பலாம்?

ப: அதை டைம்பேஸிடம் கேளுங்கள். ஒரு நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணுவது கவுன்ட்டர். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கிரிஸ்டல். சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகும். 10 மெகாஹெர்ட்ஸில் அது 10, 20 ஹெர்ட்ஸ். ஆக, கடைசி மூன்று இலக்கம் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. எடைக்கல் தேய்ந்திருந்தால் தராசைப் பாலிஷ் போட்டு என்ன லாபம்?

கே: அதற்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

ப: சூடு மாறினால் குவார்ட்ஸின் அதிர்வெண் மாறும். எவ்வளவு மாறும் என்பது கல்லை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1930-களில் வந்த ஏ.டி. வெட்டு இதில் பெரிய பாய்ச்சல். நல்ல வெட்டில், கொஞ்சம் சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதிர்வெண் அசையாத ஒரு வெப்பநிலை இருக்கும். கல்லை அங்கேயே உட்காரவைத்து, எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஓவன். ஹெச்.பி. கவுன்ட்டர்களுக்குள் இருக்கும் 10811 என்ற ஓவன் ஆசிலேட்டரில் அது சுமார் 80 டிகிரி.

கே: 80 எதற்கு? 25-லேயே வைத்தால் கரண்ட் மிச்சமாகுமே?

ப: அடுப்புக்குச் சூடாக்கத்தான் தெரியும், ஆற்றத் தெரியாது. அறை 40-ஐத் தொடும் நாளில் உங்கள் 25 எங்கே போய் ஒளியும்? கரண்டைப் பற்றிய கவலையும் வேண்டாம். சூடேறிவிட்டால் 10811-க்கு 2 வாட் போல இருந்தால் போதும்.

கே: ஸ்விட்சை அணைத்த பிறகும் என் 5335ஏ கவுன்ட்டர் சூடாகவே இருக்கிறது. பழுதா?

ப: விசுவாசம். அந்த ஸ்விட்ச் ‘ஆஃப்’ அல்ல, ‘ஸ்டாண்ட்பை’. பிளக் சுவரில் இருக்கும்வரை ஓவன் எரியும். ஆறவிட்டு மறுபடி மூட்டினால் கல் பழைய அதிர்வெண்ணுக்கே அப்படியே திரும்பி வராது. சிக்கனம் பிடித்துப் பிளக்கைப் பிடுங்குகிறவர் கால் ரூபாய் மின்சாரத்துக்காக ஒரு மாத நிதானத்தை விற்கிறார்.

கே: 10811 என்றால் ஏன் இத்தனை மவுசு?

ப: அதற்கு முன் வந்தது 10544. நல்ல பிள்ளை, ஆனால் ஏ.டி. வெட்டு. அவசரமாகச் சூடேற்றினால் கல்லின் ஒரு பக்கம் முந்தும், இன்னொரு பக்கம் பிந்தும். அந்த இழுபறியில் அதிர்வெண் எகிறிக் குதித்துத்தான் அடங்கும். 10811-ல் எஸ்.சி. வெட்டு. இரண்டு கோணத்தில் சாய்த்து அறுத்த கல். 1970-களில் முதலில் காகிதத்தில் கணக்காக வந்து, பிறகுதான் கல்லாக வந்தது. அந்த இழுபறியைக் கண்டுகொள்ளாது. பத்தே நிமிடத்தில் வேலைக்குத் தயார்.

ஒரு நாளில் அது நகரும் தூரம் ஆயிரம் கோடியில் 5 பங்குக்குக் கீழே. அவ்வளவு பிசகோடு ஒரு கடிகாரம் ஓடினால், ஒரு நொடி தவற 63 வருஷம் ஆகும். நம் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தம் தவற அத்தனை நேரம் ஆவதில்லை.

கே: நாற்பது வயதுக் கிரிஸ்டலை நம்பலாமா?

ப: கிழடுக்கு மரியாதை உள்ள இடம் இது. பிடிமானத்தில் இருக்கும் இறுக்கம் தளர்வதும், மேற்பரப்பில் நுண்துகள் ஒட்டுவதும் உதிர்வதும்தான் கல் மூப்படையக் காரணம். இளமையில் இந்த ஆட்டம் அதிகம், போகப்போக அடங்கும். கிரிஸ்டலுக்கு வயதானால் நிதானம். பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டருக்கு வயதானால் கசிவு.

கே: என் 10811 சூடே ஆகவில்லை. தூக்கிப் போடவா?

ப: போடுவதென்றால் என் வீட்டுப் பக்கம் போடுங்கள். முதலில் தெர்மல் பியூஸை மல்டிமீட்டரில் பாருங்கள். ஓவன் கட்டுமீறினால் கல் வேகாமல் காப்பாற்ற வைத்தது. வேறு எந்தக் குற்றமும் இல்லாமலே அது உயிரை விடுவதுண்டு. புதியதைச் சால்டர் செய்யும்போது காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அயர்ன் சூட்டிலேயே புதுப் பியூஸும் போய்ச்சேரும். கம்பியை வைத்து ஷார்ட் செய்யும் யோசனையை என்னிடம் சொல்லாதீர்கள்.

கே: கவுன்ட்டரைக் கவிழ்த்து வைத்தால் அளவு மாறுமா?

ப: மாறும். புவியீர்ப்பு கல்லை நெளிக்கும்; நூறு கோடியில் சில பங்கு ஆடும். கவிழ்த்தது யார் என்று வீட்டில் விசாரியுங்கள்.

கே: கைக்கடிகாரத்தில் ஓவன் இல்லையே, எப்படிச் சமாளிக்கிறது?

ப: ஓவன் நீங்கள்தான். நொடிக்கு 32,768 முறை அதிரும் அந்தக் கல்லை 25 டிகிரியை ஒட்டி அமைதியாக இருக்கும்படி வெட்டுகிறார்கள். மணிக்கட்டின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கே: அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. வானொலியை வைத்து ஓவனைத் திருத்தலாமா?

ப: கொலராடோவிலிருந்து கிளம்பும்போது அது அப்பழுக்கற்றது. சிற்றலை அயனமண்டலத்தில் மோதி வருகிறதே, அந்த மண்டலம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. சாதாரணக் கிரிஸ்டலுக்கு அது போதும், 10811-க்குப் போதாது. அதற்கு ஜி.பி.எஸ். பாருங்கள். ஹெச்.பி.யின் இசட்3801ஏ ஜி.பி.எஸ். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது யார்? அதே 10811 குடும்பம்தான், இரட்டை அடுப்போடு.

கே: பேசாமல் ருபிடியத்துக்கு மாறிவிட்டால் அடுப்புத் தொல்லை விட்டது அல்லவா?

ப: அதில் விளக்குக்கு ஓர் அடுப்பு, ஆவிக்குப்பிக்கு ஓர் அடுப்பு. போய் வாருங்கள்.

கே: ஹெச்.பி.க்கு ஏன் இந்தச் சூட்டு மோகம்?

ப: பிறவிக் குணம். 1939-ல் அவர்களின் முதல் சரக்கே ஆசிலேட்டர்தான். அதில் அலையின் உயரத்தைக் கட்டுக்குள் வைத்தது ஒரு சின்ன இழை பல்பு. சூடேறினால் மின்தடை ஏறும், அந்த ஒரே தந்திரம். அடுத்த மாடலில் எட்டை டிஸ்னி ‘பேன்டேசியா’ படத்துக்காக வாங்கினார்.

கே: இரண்டு கவுன்ட்டர் விலைக்கு வருகிறது. ஒன்றில் நிக்ஸி விளக்கு தகதகக்கிறது, ஓவன் இல்லை. இன்னொன்று அழுது வடிகிறது, ஆனால் ஓவன் உண்டு. எதை வாங்க?

ப: அலமாரிக்கு என்றால் முதலாவது, மேஜைக்கு என்றால் இரண்டாவது. 5328ஏ, 5334ஏ, 5335ஏ மாடல்களில் ‘ஆப்ஷன் 010’ என்று இருந்தால் ஓவன் போட்டு வந்தது என்று அர்த்தம். வந்தது என்றுதான் சொன்னேன். 10811-க்குத் தனியாகவே நல்ல விலை உண்டு என்பது விற்கிறவருக்கும் தெரியும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.