ஏழாம் கற்பனையின் காவலர்

புதுச்சேரிப் பட்டணத்தில், மிஷன் வீதிக்கும் கடற்கரைக்கும் இடையே காலை வேளையில் உலாவுகிற எவருக்கும் அவரைத் தெரியாமலிருக்க நியாயமில்லை. ஊரார் 'சம்பா கோயில்' என்று வாஞ்சையோடு அழைப்பதும் 1791-இல் கட்டி முடிந்ததுமான ஜென்மராக்கினி மாதா கோயிலில் முதற்பூசை முடிந்தவுடன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும், கையில் ஜெபமாலையும், கக்கத்தில் குடையுமாக வெளிப்படும் அந்த மகானுபாவர், முற்காலத்தில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அதனால் 'முசே' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. கக்கத்திலிருக்கும் குடை மட்டும் என்னுடையது.

அவரைக் கள்வர் என்று எவரும் சொல்ல முடியாது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரி தவறுதலாகச் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டால், உச்சிவெயிலென்றும் பாராமல் திரும்பி நடந்து, நாலுபேர் கேட்க அதை ஒப்படைத்துவிட்டு வருவார். 'களவு செய்யாதே' என்பது ஏழாம் கற்பனையா, சீர்திருத்த சபையார் எண்ணுகிறபடி எட்டாவதா என்ற தர்க்கத்தில் இறங்கினாரானால், எதிராளியின் காப்பி ஆறி அவலாகும் வரை விடமாட்டார். ஆனால் இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதைப் பற்றி அந்தக் கற்பனையில் ஓர் அட்சரமேனும் உண்டா என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்தின் பிரத்தியட்ச சாட்சியாக விளங்குவது அவர் வீட்டுத் தாழ்வாரம். எதிர்வீட்டு ஏணி, அடுத்த வீட்டு ரம்பம், யார் யாரோ சந்தா கட்டிய 'சர்வ வியாபி' இதழ்கள் எல்லாம் அங்கே சமாதானமாக வாசம்பண்ணுகின்றன. ஊரில் 1827-ஆம் ஆண்டு முதல் பொது நூலகம் இருந்தும் அதன் படியை அவர் மிதித்ததில்லை; தேதி முத்திரை குத்திக் கொடுக்கும் இரவலில் அன்னியோன்யம் ஏது? ஒருமுறை பக்கத்து வீட்டம்மாள், தம்முடைய இடியாப்பக் குழலை யாரிடம் கொடுத்தோமென்பதை மறந்து, காணாத பொருளைக் காட்டிக்கொடுக்கும் கோடி அற்புதர் பதுவை அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றியபோது, அக்குழலில் பிழிந்த இடியாப்பத்தைக் காலையில் உண்டுவிட்டு வந்த நம் முசேயும் பக்கத்தில் முழந்தாளிட்டு, அது சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்று உருக்கமாக மன்றாடினார். அவருடைய பக்தியில் கபடம் எள்ளளவும் இல்லை; அதுதான் நமக்குச் சங்கடம்.

என் குடையைக் கேட்டுவிடுவதென்று ஒருநாள் துணிந்தேன்.

"தம்பி, நாங்கள் 1881-ஆம் வருஷத்துத் தெக்ரே என்னும் ஆணைப்படி சுயவழக்கத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பம். 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த கோட் சிவிலில் 2279-ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது? அசையும் பொருள் எவன் கையில் இருக்கிறதோ, அவன் கைப்பற்றே அவனுக்குப் பத்திரம்" என்றார்.

"முசே, தொலைந்த பொருளையும் களவுபோன பொருளையும் மூன்று வருஷத்துக்குள் மீட்டுக்கொள்ளலாமென்றும் அதே பிரிவு சொல்லுகிறதே?"

"உன் குடை தொலையவில்லை; இதோ இருக்கிறது. களவும் போகவில்லை, நீயே கொடுத்தாய்."

சட்டம் கைவிட்ட என்னைக் கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் வேதம் காப்பாற்றுமென்று தோன்றியது. அன்று சாமியார், ஆயக்காரனாகிய சக்கேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக ஆண்டவரிடம் சொன்னதை எடுத்துக்காட்டி, பிறர் பொருளைத் திரும்பக் கொடுக்க மனமில்லாதவன் செய்யும் பாவசங்கீர்த்தனம் வீண் என்று இடித்துரைத்தார். முசே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாலு குடைகளை வைக்க வீட்டில் இடம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே, கொட்டுகிற மழையில், என் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் என் வாசலில் வந்து நின்றார். கக்கத்திலிருந்து வேறொரு குடையை எடுத்து, "இந்தா தம்பி, உன் பொருள், என் ஆத்துமம் இனிப் பாரமற்றது" என்று தழுதழுத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் குடையின் நிழலிலேயே திரும்பி நடந்தார். கொடுத்த குடையின் பிடியில் யாரோ ஒரு புண்ணியவானின் பெயரின் முதலெழுத்துகள் கத்தியால் செதுக்கப்பட்டிருந்தன.

உரியவரைத் தேடிப்பிடித்து ஒப்படைத்துவிட வேண்டுமென்று அன்றிரவு திடசங்கற்பம் செய்துகொண்டேன். மறுநாள் விடிந்தபோதும் மழை விட்டபாடில்லை. பூசைக்கோ மணி அடித்துவிட்டது. அந்த எழுத்துகளின் மேல் விரல்கள் படியும்படி பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, குடையை விரித்தேன்.