ஆட்கள் ஒன்று, எண்கள் மூன்று

கேள்வி: போதை மறுவாழ்வு மையத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளிவருபவர்களில் இத்தனை சதவீதம் பேர் மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்கிறார்களே, அந்தக் கணக்கை நம்பலாமா?
– வாசகி, பாலிக் புலாவ்

பதில்: எத்தனை ஆண்டு பார்த்தார்கள், எதைக் குற்றம் என்று எண்ணினார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். 2005-இல் அமெரிக்காவின் 30 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றாண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் 68 சதவீதம், ஐந்தாண்டுக்குள் 77. அதே ஐந்தாண்டில் மறுபடி சிறைக்குப் போனவர்களோ 55. மூன்றும் உண்மை, ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்! ஆறே மாதம் பார்த்துவிட்டு 'எல்லாரும் திருந்திவிட்டார்கள்' என்பது, பிப்ரவரியில் டுரியான் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, 'இதில் பழமே விழாது' என்பதற்குச் சமம்.

நம் மலேசியாவில் சிக்கல் இன்னும் பெரிது. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, போதைப்பொருள் உட்கொள்வதே குற்றம். கண்காணிப்புக் காலத்தில் சொன்ன நாளில் வந்து சிறுநீர்ச் சோதனைக்குக் குப்பியை நீட்டுபவர், ஒருமுறை தடுமாறினாலும் கணக்கில் ஏறிவிடுவார். ஊரைவிட்டே போனவரையும் இறந்துபோனவரையும் கவனமாக நீக்காவிட்டால், அவர்கள் 'திருந்தியவர்' பட்டியலில் உட்கார்ந்துவிடுவார்கள். பழக்கம் திரும்பியவரையும் பக்கத்து வீட்டில் திருடியவரையும் தனித்தனியாக எண்ண வேண்டும். வெளியே வந்தவருக்கு வேலை கிடைத்ததா, வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.