ஏன் சேர் ஓடுறீங்க?

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு ஆள் ஓடினால் அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும். பதுளைக்குப் போகும் காலை பஸ் கிளம்பிவிட்டது என்றால் ஓடலாம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்திவிட்டால் ஓடலாம். பிந்தினால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். குளவி கிளம்பினால் ஓடியே ஆகவேண்டும். இது ஒன்றும் இல்லாமல், நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன் அரைக்காற்சட்டையும் மஞ்சள் சப்பாத்துமாக விடியற்காலையில் வீட்டைவிட்டு ஓடி, வியர்த்து விறுவிறுத்து அதே வீட்டுக்கே திரும்பி வருகிறான் என்றால், லயத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பதுளையில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கிளாக்கர் வேலை. வீடு நமுனுகுல மலைச்சரிவில், டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் வீதியோரம். தைப்பொங்கலோடு ஓடத் தொடங்கி, மாசி பங்குனியில் உடம்பைத் தேற்றி, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடிவிடுவது என்று திட்டம். மற்ற நாட்டுக்காரர்கள் பனி கரைந்ததும் சப்பாத்து மாட்டுகிறார்கள். நமக்குக் கரையப் பனி இல்லாததால் பொங்கல் பானை ஆறியதும் மாட்டிக்கொண்டேன்.

"ஏன் சேர் ஓடுறீங்க?"

முதல் வாரம் முழுக்க இந்தக் கேள்விதான். "உடம்புக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "உடம்புக்கு என்னா?" என்று அடுத்த கேள்வி வந்தது. "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன். நல்லா இருக்கிற உடம்பை எதற்கு ஓட்டவேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே ஊரே ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டது. கிளாக்கர் சேருக்குச் சீனி வியாதி. அடுத்த லயத்துப் பெரியம்மா ஒருவர் ஒரு பை பாவக்காயோடு வீட்டுக்கே வந்துவிட்டார். டவுன் பக்கத்து லயங்களில் சீனி நெஞ்சுவலியாக முன்னேறியிருந்தது. பாடசாலைச் சந்தியில் எனக்கும் மனைவிக்கும் தகராறு என்ற அளவுக்கு வந்து நின்றது. "முதல் ரெண்டும் பொய். மூணாவது நீங்க இப்படியே ஓடிக்கிட்டிருந்தா உண்மையாகும்" என்று மனைவி சொன்னார்.

குளவி விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை, மலைக்குக் கீழே வளைவில் இறங்கி வருகிறேன். முகத்தைச் சுற்றி ஒரு கொசுக்கூட்டம்; இரண்டு கையாலும் விரட்டிக்கொண்டே வேகமாக ஓடுகிறேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நிரையில் ஒரு அக்கா என்னைப் பார்த்தார். "ஐயோ குளவி!" என்றொரு சத்தம். அவ்வளவுதான். கூடையும் படங்குமாக நிரை முழுக்க என் பின்னால் இறங்கி வந்துவிட்டது. குளவிக்கொட்டு அங்கே விளையாட்டுப் பேச்சில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. கங்காணி ஓடிவந்து விசாரித்தார். குளவி இல்லை, தேகாப்பியாசம் என்று விளக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இனிமே ஓடுறப்ப சிரிச்சிக்கிட்டே ஓடுங்க சேர். அப்பத்தான் எங்களுக்கு வித்தியாசம் தெரியும்."

அன்றிலிருந்து பற்கள் தெரியத்தான் ஓடுகிறேன். நெஞ்சுவலிக் கதை அதோடு அடங்கிப்போய், தலையில்தான் ஏதோ கோளாறு என்ற கதை கிளம்பியது.

பயிற்சிக்குப் போனில் ஒரு அட்டவணை இறக்கி வைத்திருந்தேன். யாரோ அமெரிக்கப் பயிற்றுநர் தயாரித்தது. செவ்வாய்க்கிழமை சமதளத்தில் மெதுவாக எட்டுக் கிலோமீற்றர். வியாழக்கிழமை சமதளத்தில் வேகமாக ஐந்து. ஞாயிற்றுக்கிழமை, விருப்பமிருந்தால், சிறிய மேடு ஒன்று. அந்த மனிதருக்கு ஊவா மாகாணத்தை ஒருதரம் காட்டவேண்டும். பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். தலைக்கு மேலே நமுனுகுல 2,036 மீற்றர். நடுவில் இருப்பதெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். சமதளம் என்று உண்மையிலேயே இருப்பது வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு. அங்கே காலையில் நடப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஓடுபாதையை அடைத்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். முந்திப் போனால், "தம்பி, நீங்க சொல்லுங்க, இந்த அரசாங்கம்..." என்று இழுத்து வைத்துக்கொள்வார்கள். அரசாங்க உத்தியோகத்தன் பதில் சொல்லவும் கூடாது, நிற்கவும் கூடாது. வேகப் பயிற்சி என்று எனக்கு அமைந்தது அதுதான்.

ஏற்றத்தைக் கண்டு பயந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதற்கு ரயில்பாதையே அத்தாட்சி. வெள்ளைக்காரப் பொறியியலாளர்கள் மலைநாட்டுப் பாதையை 44 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறவிடவில்லை. 1924-இல் பதுளை வரைக்கும் ரயில் வந்துசேர்ந்தது அந்தக் கணக்கில்தான். தெமோதரையில் அந்தக் கணக்குக்கு மலை மசியவில்லை. ஆகவே பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் விட்டுப்போன ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து போகிறது. தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்று தோட்டங்களில் ஒரு கதை உண்டு. நான் அதை முழுசாக நம்புகிறேன். அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கதையிலாவது ஒரு தலைப்பாகை இருந்துவிட்டுப் போகட்டுமே.

ரயிலுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாததால் நேராகவே ஏறினேன். அப்போதுதான் அந்த அத்தை அறிமுகமானார். பெரட்டு முடிந்து மேல் மலைக்குப் போகிறவர், முதுகில் கூடை, வாயில் வெற்றிலை. நான் தார் வீதி வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறேன். அவர் தேயிலைக்கு நடுவே வெட்டிய படிக்கட்டில் நேரே ஏறுகிறார். முதல் முடக்கில் நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது வீதியைக் கடந்துகொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்றார். இரண்டாவது முடக்கில் எனக்கு முன்பே வந்து, கூடைக் கயிற்றை நெற்றியில் சரிபண்ணிக்கொண்டிருந்தார். "இப்பத்தான் வர்றீங்களா?" மூன்றாவது முடக்கில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "ஒங்களுக்காகத்தான் இருந்தேன். பொழுது போகுது, நான் போறேன்."

கட்டாரில் இருக்கும் மச்சான் அனுப்பிய கைக்கடிகாரம் அந்த இடத்தில் துடிதுடித்து, நான் உடனடியாக ஓய்வெடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அத்தை எட்டிப் பார்த்தார். "அது என்னா சொல்லுது?" எத்தனை கிலோமீற்றர் ஓடினேன், நெஞ்சு எத்தனை தரம் அடித்தது எல்லாம் சொல்லும் என்றேன். "எங்க பாட்டன் கூட்டம் மன்னாருல இருந்து நடந்தே வந்தாங்களாம். அவங்க கையில வாட்ச்சு இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிப் போனார். 2023-இல், மலையகத்தார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்து, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் நடந்தார்கள். படங்களை நான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போனில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன். அதிலும் நெஞ்சுக்குக் கொஞ்சம் வேலை இருந்தது.

பங்குனி முடியும்போது ஒவ்வொரு பின்னேரமும் இடிமழை தொடங்கிவிடும். நிழலுக்கு நட்ட முள்முருக்கு சிவப்பாகப் பூத்திருக்கும். கொழுந்து மளமளவென்று வரும் காலம்; அதைவிட மளமளவென்று வருவது அட்டை. விலை உயர்ந்த சப்பாத்துக்குக் காற்றோட்டமான வலைத்துணி வைத்துத் தைக்கிறார்கள் அல்லவா, அந்த வலையின் கண் அட்டைக்கு அளவெடுத்துச் செய்த வாசல். ஈரப் புல்லில் நூல் கனத்தில் நின்று, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆளைத் தேடும். கால் பட்டதும் ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்து வளைத்து ஏறி, காலுறைத் தையல் ஓரத்தில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். கடிப்பது தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் உள்ளே கொழுத்த திராட்சை அளவில் ஒன்று படுத்திருக்கும். இரத்தம் நிற்க அரைமணி நேரம். உப்பு முடிச்சு என்றார் ஒருவர். காலுறைக்குச் சவர்க்காரம் என்றார் இன்னொருவர். சித்தாலேப என்றார்கள் எல்லோரும், தலையிடிக்கும் தடிமனுக்கும் சொல்வதுபோலவே. மூன்றையும் சேர்த்தே பூசினேன். அட்டை விலகியதோ இல்லையோ, அன்றைக்கு அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு கோப்பும் வரவில்லை.

சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீண்ட ஓட்டம் ஓடவேண்டும் என்று அட்டவணை சொன்னது. அப்புத்தளைக்கு ரயிலில் போய், தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரைக்கும் ஏறினேன். பாதை ஏழு கிலோமீற்றர் அளவு. உச்சியில் தோமஸ் லிப்டன் சிலையாகச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். 1890-இல் இந்தத் தோட்டங்களை வாங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு மகத்தான தோல்வியாளர் என்பது பலருக்குத் தெரியாது. பாய்மரப் படகுப் போட்டிகளில் பேர்போன அமெரிக்கக் கோப்பைக்கு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தடவை படகு விட்டார். படகுகளுக்கெல்லாம் ஷாம்ராக் என்றே பெயர். ஐந்து தடவையும் தோற்றார். கடைசியில் அமெரிக்கர்களே மனமிரங்கிக் காசு சேர்த்து, தோற்றவர்களில் மிகச் சிறந்தவர் என்று ஒரு தங்கக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் அவருடைய தேயிலை அமெரிக்காவில் கூடுதலாகப் பிரபலமானது என்பது வேறு விசயம். கீழே கொழுந்து எடுத்தவர்கள் ஒரு கிலோ குறைந்தாலும் அதற்குக் கோப்பை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. என்றாலும், நாக்குத் தள்ளிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒரு தெம்பு வந்தது. தோற்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல குலதெய்வம் ஊவாவில் இல்லை.

கிளாக்கர்மாருக்கென்று தனியாகவும் ஒரு தெய்வம் உண்டு. யூக்கி கவாவுச்சி என்ற ஜப்பான்காரர். 2019 வரைக்கும் சைத்தாமா மாகாண அரசாங்கத்தில் பாடசாலை அலுவலக வேலை, முழுநேர உத்தியோகம். 2018 ஏப்ரல் 16-ஆம் திகதி பொஸ்டன் மரதனில், குளிர் மழையும் எதிர்க்காற்றும் அடித்துப் பெரிய பெரிய வீரர்களெல்லாம் பாதியில் விலகிக்கொள்ள, இவர் 2 மணி 15 நிமிடம் 58 செக்கனில் முதலாவதாக வந்தார். இதை நான் அலுவலகத்தில் உணர்ச்சிவசப்பட்டு விவரித்தேன். மேலதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "லீவு அப்ருவ் பண்ணியா போனார்?"

புத்தாண்டு வந்தது. மாரியம்மன் கோயில் முன்றலில் காலை ஆறரைக்கு மரதன். தூரம் ஏழு கிலோமீற்றர் என்றார் விளையாட்டுச் சங்கத் தலைவர். பத்து என்றார் செயலாளர். போன வருசம் எங்கே சுற்றினோமோ அங்கேதான் என்று முடித்து வைத்தார் பொருளாளர். வரிசையில் என்னோடு நின்றவர்கள் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். பாதிப்பேர் வெறுங்கால், சிலருக்குப் பாட்டாச் செருப்பு, அதையும் ஓடும்முன் கழற்றித் தங்கச்சிமார் கையில் கொடுத்துவிட்டார்கள். மலையகத் தோட்டத்துப் பிள்ளையான குமார் சண்முகேஸ்வரன் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் நாட்டின் முன்னணிக்கு வந்தவர். அந்தப் பெயரைப் பனியனில் பேனையால் எழுதிக்கொண்டு வந்திருந்தான் ஒருவன். என் காலில் மட்டும் அரை மாதச் சம்பளம்.

விசில் அடித்ததும் அவர்கள் போய்விட்டார்கள். இதைவிட விரிவாக அந்தக் கட்டத்தை எழுத என்னால் முடியாது, நான் பார்க்கவில்லை. நான் கண்டதெல்லாம் எனக்குப் பின்னால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. "இதோ, கடைசியாக ஓடிவந்துகொண்டிருப்பவர் நமது மதிப்புக்குரிய கிளாக்கர் சேர் அவர்கள்!" என்று லயத்துக்கு லயம் அறிவித்துக்கொண்டே வந்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திய நேரங்களில் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க சேர், அடுத்த வளைவுல எறக்கி விட்டுர்றேன், யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். அந்த அன்புக்கு மரியாதை கொடுத்து மறுத்தேன். முடக்குகளில் சிவப்பு நாடா கொடுக்க ஆள் நிறுத்தியிருந்தார்கள். வாங்கிக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அத்தை ஏறிய அந்தப் படிக்கட்டுகள் பையன்களுக்கும் தெரியும் அல்லவா. இரண்டாவது முடக்கில் நாடா கொடுத்தவர் எனக்குக் கொடுத்த பிறகு எண்ணிப் பார்த்து, கையில் நிறைய மிச்சம் இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார்.

முடிவுக்கோட்டில் விசாரணை நடந்தது. நாடா இல்லாதவர்களை வரிசையாக வெட்டிக்கொண்டே போனார்கள். அழுகை, ஆர்ப்பாட்டம், ஒரு மாமா வேட்டியை மடித்துக் கட்டுமளவுக்குப் போய்விட்டது. கடைசியில் சட்டப்படி ஓடி முடித்தவர்கள் பத்துப்பேர், பத்தாவது நான். பத்து இடத்துக்கும் பரிசு உண்டு. எனக்கு நீலநிறப் பிளாஸ்டிக் வாளியும் அதற்குள் ஒரு சவர்க்காரமும் கிடைத்தன. வழங்கியவர் கையைக் குலுக்கி, "அட்டைக்கு நல்லது சேர்" என்றார்.

இந்த வெற்றி சங்கத்தை யோசிக்க வைத்துவிட்டது. அடுத்த சித்திரைக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனி மரதன் வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். ஊரில் ஓடுகிற நாற்பது வயதுக்காரன் நான் ஒருவன்தான். முதலிடத்துக்கு ரைஸ் குக்கர் என்று கேள்விப்பட்டதும் மனைவி பழைய குக்கரைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், நேற்று மாலை வரைக்கும். பக்கத்து டிவிசனில் பென்சன் எடுத்த டீமேக்கர் ஐயா, அறுபதைத் தாண்டியவர், கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். வயதைப் பார்த்து ஆறுதல் அடையவும் வழியில்லை. முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா எழுபதைத் தாண்டித்தானே 2023-இல் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் போட்டியில் தங்கம் வாங்கி வந்தார்.

"ஏன் ஐயா ஓடுறீங்க, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. வீட்டுல குக்கர் பழுது" என்றார்.