கேம்ப் ஃபயர் உண்டு!

காரைக்குடிப் பக்கம் மலை கிடையாது. குன்றக்குடியை மலை என்று சொல்லிக் கும்பிட்டுக்கொள்கிறோம். பழனிக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். ஆனால் பொங்கல் கழிந்து பனி குறைந்ததும் எங்களூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் மேற்குத்தொடர்ச்சி மலை முழுசாக வந்து இறங்கிவிடும். 'டூ டேஸ், ஒன் நைட். டென்ட் உண்டு, கேம்ப் ஃபயர் உண்டு, கைடு உண்டு, ட்ரோன் ஷாட் உண்டு. நான்வெஜ் தனி. சில சீட்டுகளே பாக்கி!'

காய்ந்த புல்காட்டுக்கு நடுவில் கேம்ப் ஃபயர் மூட்டுவதை ஒரு வசதியாக விளம்பரம் செய்யவும் ஒரு துணிச்சல் வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும்.

திட்டமிடுவதில் செட்டிநாட்டாரை யாரும் குறை சொல்ல முடியாது. பயணம் முடிவான அன்றே ஒரு வீட்டில் சீப்புச் சீடைக்கு மாவு இடித்தாகிவிடும், இன்னொரு வீட்டில் கைமுறுக்கு. புளியோதரையா தயிர்சாதமா என்ற வழக்கு மூன்று நாள் நடக்கும். குழுவின் பெயர் அச்சடித்த ஒரே நிற டீ-சர்ட்டுக்குத் திருப்பூரில் ஆள் பிடித்தாயிற்று. ப்ளூடூத் ஸ்பீக்கர் யார் எடுத்து வருவது என்பதும் தீர்மானம். வரையாடுகள் இத்தனை நாளாகப் பாட்டுக் கேட்காமல் ஏங்கிப்போயிருக்கும் அல்லவா? இவ்வளவையும் முடித்த ஒரு தம்பியிடம் கேட்டேன்.

"எந்த மலைப்பா?"

"தேனிப் பக்கம்ணே. பேரு லிங்க்ல இருக்கு."

"கைடு யாரு?"

"அதெல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்கண்ணே."

"அவுங்கன்னா?"

"பணம் கட்டுன ஜிபே நம்பர் இருக்குல்ல, அவுங்கதான்."

உயிரை ஒப்படைக்கிற இடம் ஒரு ஜிபே நம்பர். இந்தத் தம்பியே வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டக் கொத்தனார் வைத்தால், அவர் இதற்குமுன் எந்தெந்த வீட்டில் வேலை பார்த்தார் என்று தெருத்தெருவாக விசாரிப்பான்.

அந்தத் தேனிப் பக்கத்தில்தான் 2018 மார்ச் 11 நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்த பெண்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு குழு, ஈரோடு-திருப்பூரிலிருந்து வந்த இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் ஒத்தமரம் என்ற இடத்துக்குப் பக்கம் தீ சூழ்ந்தது. ஒன்பது பேர் மலையிலேயே போனார்கள். மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில், வாரங்களில், மருத்துவமனைப் படுக்கையில் ஒவ்வொருவராக. மொத்தம் 23 பேர்.

தீ எப்படிப் பரவும் என்பதை மலையடிவாரத்தில் மாடு மேய்க்கும் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். மார்ச்சில் ஆள் உயரப் புல் சருகாகி நிற்கும். சரிவில் கீழே பற்றும் நெருப்பு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துக்கொண்டே ஏறும். அதனால் அதன் வேகம் ஏற்றத்தில்தான் அதிகம். மனிதனுக்கோ ஏற்றத்தில்தான் கால் ஓடாது. பிற்பகலில் காற்று திசை மாறினால் வந்த வழியும் அடைபடும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ வெறும் பாறைக்கோ போய் நிற்கத் தெரிந்தவர்தான் தப்ப முடியும். நாம் ஆசையாக வாங்கி மாட்டிக்கொள்ளும் பாலியஸ்டர் சட்டை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியின் அருமை கைத்தறிச் சேலை நெய்யும் ஊர்க்காரர்களுக்குக்கூட டிரெக்கிங் கடையில் மறந்துபோகிறது.

முதலில் ஓடிவந்தது யார் தெரியுமா? குரங்கணிச் சுற்றுவட்டார மக்கள். போர்வையில் கட்டி, தோளில் தூக்கி, இருட்டில் கால்தடம் பார்த்து இறக்கினார்கள். ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்தி சாய்ந்துவிட்டது. மலை இடுக்கில் இரவு நேரத்தில் அவற்றால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

அரசாங்கம் தன் பங்குக்குத் தேடிக் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு: போனவர்கள் உரிய அனுமதி பெறவில்லை. டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான் அனுமதி, இவர்கள் போனது கொழுக்குமலைக்கு என்றார்கள். சரி, வைத்துக்கொள்வோம். இன்று அதே வனத்துறை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடுகிறது. அந்த மார்ச்சில் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் மேலே போனபோது காட்டுத்தீக் காலம் விடுப்பில் போயிருந்ததா? தீ எங்கே எரிகிறது என்று செயற்கைக்கோள் படம் பார்த்துக் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்ப டேராடூனில் இந்திய வன அளவை நிறுவனம் இருக்கிறது. விண்வெளிக்குத் தெரிந்தது வனச்சாவடிக்கு வந்து சேர நம் நாட்டில் நாளாகும். மேலே இருப்பவர்களின் கண்ணுக்கு எல்லாம் தெரியும். கீழே கம்பைத் தூக்கிவிடுகிறவரின் காதில் யாரும் போடுவதில்லை.

பிறகு நடந்தவை வழக்கமானவை. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். ஒரு ரேஞ்சர் தற்காலிகப் பணிநீக்கம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கைது. விசாரணைக் குழு. புதிய விதிகள். மலையில் விபத்து நடந்தால் பொறுப்பும் தண்ணீர் மாதிரிதான்: உச்சியில் நிற்காது, உருண்டு உருண்டு அடிவாரத்தில் கிடைக்கிற ஏழை வீட்டு முற்றத்தில் வந்து தேங்கும்.

ஆறரை ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், அரசே கடை விரித்தது. 'ட்ரெக் தமிழ்நாடு' என்று பெயர். 14 மாவட்டங்களில் 40 பாதைகள்; எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, இணையத்தில் பதிவு, மலைக்கிராமத்து இளைஞர்களே வழிகாட்டிகள். நல்ல காரியம், வாயாரச் சொல்கிறேன். தனியார் லிங்க்கை நம்பி ஏமாறுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தமிழ்நாட்டில் உயர்மலைத் தேசியப் பூங்கா என்று சொல்லத் தகுந்தது நீலகிரியின் முக்கூர்த்தி. 78 சதுர கிலோமீட்டர் சொச்சம், சோலையும் புல்வெளியும், 2,554 மீட்டர் சிகரம், நம் மாநில விலங்கான வரையாடு. அந்தப் பக்கம் பார்சன்ஸ் வேலி வழியாக வழிகாட்டியோடு நடக்கவும் இன்று பாதை இருக்கிறது.

ஆனால் அதே பட்டியலில் கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் பாதையும் இருக்கிறது. வெள்ளகவி என்பது சாலை வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்த ஊர். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தோளில் சுமந்தே மலையிறக்கிய ஊர். நமக்கு 'அட்வென்ச்சர்' என்று விற்கப்படுவது அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. நாம் அதில் பணம் கட்டி மூச்சு வாங்குகிறோம். அவர்கள் பைசா செலவில்லாமல் வாங்கியிருக்கிறார்கள். வேர் தடுக்கி விழுந்த இடத்தில் செல்ஃபி எடுத்து 'ராவான நேச்சர்' என்று போடும் அன்பர்களே, அந்த வேரில் டோலி தூக்கியவர் கால் எத்தனை முறை தடுக்கியிருக்கும் என்பதற்கு ஒரு ஹேஷ்டேக் கண்டுபிடியுங்கள்.

சுமக்கிறவனின் விலை உலகம் முழுக்கச் சல்லிசுதான். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டில், கும்பு பனியருவியில், பனிச்சரிவு 16 நேபாள மலைத்தொழிலாளர்களைக் கொன்றது. சாகர்மாதா தேசியப் பூங்கா, உலகமே காசைக் கொட்டும் இடம். நேபாள அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், ஏறத்தாழ 400 டாலர். சிகரம் ஏறும் வெளிநாட்டவரின் காலணிக்கே அதைவிட விலை அதிகம். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. 2023 ஏப்ரலில் வெளிநாட்டு மலைநடையர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று விதியும் போட்டார்கள். வழிகாட்டி கட்டாயம். அவருக்கு எவ்வளவு கூலி என்பதை யாரும் அதே மூச்சில் கட்டாயமாக்குவதில்லை.

நம் சிவகங்கைச் சீமைக்கு வழிகாட்டியோடு நடப்பது புதிதா என்ன? நானூறு ஆண்டுக்கும் மேலாக நகரத்தார் காவடி பழனிக்கு நடந்துகொண்டிருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஊர் ஊராகத் தங்கி, போவதும் நடை, திரும்புவதும் நடை. எங்கே இறங்குவது, எங்கே சோறு, எப்போது புறப்படுவது எல்லாம் முன்னோர் வகுத்து வைத்தது. காவடி நின்றால் எல்லோரும் நிற்பார்கள். இளவட்டம் ஒருவன் வேகம் காட்டி முந்திப் போனால், 'என்னப்பச்சி, முருகன் உனக்கு மட்டுமா உக்காந்திருக்கான்?' என்று பெரியவர் ஒருவர் கேட்கும் கேள்வியில் கால் தானாக மெதுவாகும். 'என் உயிருக்கு நானே பொறுப்பு' என்று படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒருவர் உயிருக்கு அத்தனை பேரும் பொறுப்பு.

இந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எந்த மலை என்று தெரியாமல் பணம் கட்டுகிறார்கள். கையெழுத்துப் போடும் படிவத்தின் சாரம் ஒரே வரி: நீ செத்தால் எங்களைக் கேட்காதே. அதைப் படிக்காமல் டிக் அடிக்கிறோம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் மாறினால் அச்சகக்காரனை உண்டு இல்லை என்று ஆக்குகிற ஊர் இது.

அதனால் அடுத்த லிங்க் வரும்போது, சீடை இடிப்பதற்குமுன், அந்த ஜிபே நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: எங்களைக் கூட்டிப்போகிற ஆள் யார், எந்த ஊர், அந்தக் காட்டில் எத்தனை வருஷம்? அவருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு? மாசி, பங்குனியில் ஏன் கூப்பிடுகிறீர்கள்? கேம்ப் ஃபயர் எங்கே மூட்டுவீர்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மலை ஏறியே ஆகவேண்டும் என்றால் நம் மாவட்டத்திலேயே பிரான்மலை இருக்கிறது. அடியில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. சிங்கம்புணரிக்குப் பஸ் உண்டு.