கதை கொடுக்க வருகிறவர்கள்

கோயமுத்தூரில் ஒருவன் கதை எழுதுகிறான் என்னும் அபவாதம் வெளியே பரவிவிட்டால், அதற்கப்புறம் அவனுக்குக் கதைப் பஞ்சம் ஜன்மத்தில் ஏற்படாது. உட்கார்ந்து எழுத அவகாசம்தான் கிட்டாது. "ஏனுங்க, என்ற கதையை எழுதுனீங்கன்னா பெரிய பொஸ்தகமே போடலாமுங்க" என்று சோமனூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற மகாஜனங்களை, ஒரு காபியாவது கொடுக்காமல் அனுப்புவது கொங்குநாட்டு சம்பிரதாயத்துக்கு விரோதம்.

வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கோர்ட்டு வியாஜ்யமாகவே இருக்கும். காங்கேயத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம்பியோடு நடத்திய பாகப்பிரிவினை வழக்கை முன்சீப் கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட்டு வரையில், சர்வே நம்பர்களைச் சஹஸ்ரநாமம்போல் ஒன்றுவிடாமல் பாராயணம் செய்து, வக்கீல்களின் குணாதிசயங்களையும் வர்ணித்து முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. எனக்கோ பிரதிவாதியின் பேரில் ஒரு சகோதர வாஞ்சையே உண்டாயிற்று. கடைசியில் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"தம்பியோட பேச்சுவார்த்தை கெடையாதுங்க. கெணறு மட்டும் பொதுவு, ஆளுக்கொரு நா மொறை. போன மாசம் நான் காச்சல்ல படுத்திருந்தப்ப, என்ற மொறையன்னைக்கு என்ற மஞ்சக்காட்டுக்குத் தண்ணி பாஞ்சிருந்துச்சுங்க. மோட்டார் போட்டது ஆருன்னு நானும் கேக்கலீங்க, அவனும் சொல்லலீங்க. அது கெடக்கட்டும், கதைக்கு ஆவாதுங்க."

ஹைகோர்ட்டுத் தீர்ப்பு கதைக்கு ஆகுமாம்; இது ஆகாதாம்! அவர் போன பிறகு நான் காகிதத்தை எடுத்தேன். சர்வே நம்பர் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை.

இந்தச் சூட்சுமத்தைக் கொங்குநாட்டில் அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தவர் கீரனூர் ஆர். சண்முகசுந்தரம். 1942-இல் வெளிவந்த அவருடைய 'நாகம்மாள்' நாவலில் ராஜாக்களும் இல்லை, ராஜகுமாரிகளும் இல்லை. இறந்துபோன கணவனின் பாகத்தைப் பிரித்துத் தரும்படி கொழுந்தனிடம் கேட்கும் ஒரு குடியானவப் பெண்ணும், அவளுடைய பிடிவாதமும், அந்தப் பிடிவாதத்துக்குத் தூபம் போடுகிறவர்களும்தான் உண்டு. அது கொலையில் போய் முடிகிறது. வங்காளத்துக் கிராமக் குடும்பம் ஒன்றின் கதையான 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவரும் அவரே என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் நம் திண்ணைக்கு வருகிற கனவான்களிடம் 'நாகம்மாள்' கதையைச் சொல்லிப்பாருங்கள். "இதென்னுங்க, எங்கூட்டுலயும் நடக்கறதுதானுங்களே!" என்று அலட்சியமாய்ச் சொல்லிவிட்டு, மறுபடியும் சர்வே நம்பருக்குப் போய்விடுவார்கள்.

ஆகையால் கதை கொடுக்க வரும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: வியாஜ்யத்தை உங்கள் வக்கீலிடமே சொல்லுங்கள், அவருக்காவது அதில் பீஸ் உண்டு. என்னிடம், செருப்பு மாட்டும்போது சொல்ல வைத்திருப்பதை வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். காபி இரண்டு தம்ளராகவே தருகிறேன்.