தலைக்கு ஒரு கினி

பிரான்சின் பதின்மூன்றாம் லூயி மன்னர் தமது வழுக்கையை மறைக்கப் பொய்முடி தரித்தார். ராஜா தலையில் ஏறியதெல்லாம் அழகுதானே! சுருள் சுருளாகச் சொந்த முடி வைத்திருந்த கனவான்களும் அதை ஒட்ட வெட்டிவிட்டு, காசு கொடுத்துப் பொய்முடி வாங்கினார்கள். போதாக்குறைக்கு அதன்மேல் வெள்ளை மாவு. இருபது வயது இளைஞனுக்கும் நரைத்த தலைதான் நாகரிகம்.

மாவு என்றால் சும்மா இல்லை; பெரும்பாலும் ஸ்டார்ச், அதாவது ரொட்டியாக வேண்டிய தானியத்திலிருந்து எடுப்பது.

இந்த நாகரிகம் இங்கிலாந்துக்கும் பரவியிருந்தது. 1795இல் அங்கே ரொட்டிக்குத் திண்டாட்டம். பிரான்சோடு நடந்த போருக்கோ பணம் வேண்டும். பிரதமர் வில்லியம் பிட் தலைமாவுக்கு வரி போட்டார்: ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். கட்டினால் சான்றிதழ். ராஜ குடும்பத்துக்கு விலக்கு. ஏழைப் பாதிரியாருக்கும் விலக்கு. கல்யாணமாகாத பெண்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், தகப்பனார் இருவருக்கு மட்டும் கட்டினால் போதும். பெண்ணைப் பெற்றவரின் கஷ்டம் பார்லிமெண்டுக்கும் தெரிந்திருக்கிறது.

வரியை எதிர்த்து பெட்ஃபோர்ட் பிரபு முடியைக் கத்தரித்துக்கொண்டார்; நண்பர்களும் பின்தொடர, குட்டை முடியே புதுப் பாணியானது. 1855இல் வரி கட்டியவர்கள் 997 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பெரிய வீட்டு வேலைக்காரர்கள். எஜமானர்கள் எப்போதோ மாவை உதறிவிட்டிருந்தார்கள்.