டிஸ்டிங்க்ட் திலகம்

ஸ்கிரீனில் ஒரே ஆர்டர் மூன்று தரம் வந்துவிட்டதா? திலகத்தைக் கூப்பிடவே வேண்டாம், அவரே வந்துவிடுவார். குவெரியை முழுக்கப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. 'செலக்ட்' கண்ணில் பட்டால் போதும். பக்கத்தில் 'டிஸ்டிங்க்ட்' என்று தட்டி, எண்டரை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். மூன்று ஒன்றாகிவிடும். "டேட்டாதான் சார் குப்பை" என்று தீர்ப்பும் வந்துவிடும். டேட்டாவில் குப்பை ஏதுமில்லை. அந்த ஆர்டரில் வாங்கியது மூன்று பொருள்; ஆர்டர் டேபிளைப் பொருள் டேபிளோடு ஜாயின் செய்தால் மூன்று வரி வரத்தான் செய்யும். டேட்டாபேஸ் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறது, கேள்விதான் கோணல்.

வரியோடு நின்றால் பரவாயில்லை, கூட்டுத்தொகைக்கும் இதே வைத்தியம். 900 ரூபாய் ஆர்டர் மூன்று வரியாகி 2,700 காட்டுகிறதா, 'சம்'முக்குள்ளும் ஒரு டிஸ்டிங்க்ட். 900 வந்துவிடும், திலகம் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் இரண்டு பேர் ஆளுக்கு 500 ரூபாய்க்கு வாங்குவார்கள். விற்பனை ரிப்போர்ட்டில் மொத்தமே 500தான் இருக்கும். அவர் போட்ட டிஸ்டிங்க்டுக்குத் தொகைதான் தெரியும், ஆள் தெரியாது. தொகை கூடி வந்தாலாவது யாராவது சத்தம் போடுவார்கள். குறைந்து வந்தால் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் குட்டு உடையும். (வரியே வராத வியாதி, அதாவது 'நாட் இன்' பட்டியலுக்குள் ஒரு 'நல்' புகுந்து மொத்த ரிசல்ட்டையும் விழுங்குவது, அவரிடம் போனால் "சர்வர் ஸ்லோ" என்பார். வராத வரிக்கு டிஸ்டிங்க்ட் போட முடியாதே.)

மொழியிலேயே இருக்கிற சொல்லைப் பயன்படுத்தினால் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை. 1970-இல் காட் என்பவர் வகுத்த ரிலேஷனல் மாதிரியில் ஒரே வரி இரண்டு தடவை வர இடமே கிடையாது, எஸ்.க்யூ.எல். அதை அனுமதித்ததால்தான் இந்தச் சொல்லுக்கு வேலையே வந்தது. வாடிக்கையாளர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டால் அதைப் போடத்தான் வேண்டும். திலகம் போடுவதோ ஜாயினில் உள்ள தப்பை மூடி மறைக்க. கிளையன்ட் லைனில் காத்திருக்கிறார், அவசரம் என்ற சமாதானமும் நிற்காது. ஜாயின்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு 'கவுண்ட்' ஓட்டினால், எண்ணிக்கை எங்கே எகிறுகிறது என்பது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும்.

ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுக்கிற ஒரே ஆள் அவர்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் வேலை மாறிப் போனபின் அந்தக் குவெரிகளைத் திறக்கிறவர்கள் பாவம். எதற்காகப் போட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி கமென்ட்டாவது எழுதிவிட்டுப் போங்கள், ஐயா.